ஜனங்களுக்கு என்ன தெரியும் என்பவர்களுக்கு

சர்க்கார் கொண்டுவரும் திட்டங்களைப் பற்றிச் சாதாரண ஜனங்கள் அபிப்பிராயம் சொல்வது வீண் வேலை என்றும், அவை நிபுணர்களும் அதிகாரிகளும் தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள் என்றும், ஓட்டுப் போட்டு ஒரு கட்சியை ஆட்சியில் அமர்த்திய பிறகு அடுத்த தேர்தல் வரும்வரை வாய் திறவாமல் இருப்பதே நல்ல பிரஜையின் லட்சணம் என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இதைப் படித்தவர்களே, அவர்களிலும் நல்லெண்ணம் படைத்தவர்களே, மிகுந்த நிச்சயத்துடன் சொல்லி வருகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். டீக்கடையில் பஸ் கட்டணத்தைப் பற்றி நடக்கும் வாதத்தை வெட்டிப் பேச்சென்று ஒதுக்குகிறவர்களும், கிராம சபையில் எழுந்து தண்ணீர்த் தொட்டிக் கணக்கைக் கேட்பவரை ‘உனக்கு என்னய்யா தெரியும், உட்காரு’ என்று அதட்டுகிறவர்களும் இந்த எண்ணத்துக்கே ஆட்பட்டவர்கள். இது அடியோடு தவறு என்பது என் கட்சி.

நிபுணர்களின் கல்வியை நான் குறைத்து மதிக்கவில்லை. அணையின் சுவர் எவ்வளவு பருமனாக இருக்கவேண்டும் என்பதைக் கை தூக்கச் சொல்லித் தீர்மானிக்க முடியாது. ஆனால் அணை வேண்டுமா, எந்த ஊர் முழுகலாம், யாருடைய நஷ்டத்தில் யாருடைய வயல் விளையலாம் என்ற கேள்விகளுக்கு எந்தப் பொறியியல் நூலிலும் விடை கிடையாது. அவை நியாயத்தைப் பற்றிய கேள்விகள். நஷ்டத்தைச் சுமக்கப் போகிறவர்களைக் கேளாமல் அவற்றுக்கு விடை எழுதிவிடுவது அநீதி என்பதோடு, பல சமயங்களில் அந்த விடையே பிழையாகவும் போய்விடுகிறது.

பெருந்தொழில்களுக்கு அனுமதி தருமுன், 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை விதிக்கிறது. அத்தகைய கூட்டம் ஒன்றில், கலெக்டரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகளும் மேடையில் அமர்ந்திருக்க, திரையில் விழுந்த வரைபடத்தில் கடலோரம் முழுவதும் உபயோகமற்ற மணல்வெளி என்று மஞ்சள் பூசப்பட்டிருந்ததைப் பார்த்த முதிய மீனவர் ஒருவர், மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, ‘ஐயா, நீங்க மஞ்சளா காட்டுற எடத்துலதான் நாங்க கரைவலை இழுக்கிறோம். பொம்பளைங்க கருவாடு காயப்போடுறதும் அங்கதான். புயல்னா வள்ளத்தை ஏத்தி வைக்கிறதும் அங்கதான்’ என்று நிதானமாகச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அறிக்கை எழுதியவர்கள் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. அவர்கள் வந்து போன வாரத்தில் அந்தக் கரை வெறுமையாகவே இருந்திருக்கலாம். வருஷம் முழுவதும் அங்கே வாழ்கிறவர் வாய் திறந்த பிறகே, அந்த மஞ்சள் நிறத்துக்குள் ஓர் ஊரின் ஜீவனம் அடங்கியிருந்தது சபைக்குத் தெரிந்தது.

இன்று படித்தவர்கள் தங்கள் சொத்தாக எண்ணிப் பிரயோகிக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பூர்வ கதையை அவர்கள் மறந்துவிடக் கூடாது. ராஜஸ்தானத்தில் பஞ்ச நிவாரண வேலைகளில் மண் சுமந்த கூலிக்காரர்கள், தங்களுக்குச் சட்டப்படி சேரவேண்டிய கூலி ஏன் முழுசாகக் கைக்கு வரவில்லை என்று கேட்டபோது, பதிவேட்டைக் காட்ட முடியாது என்றே அவர்களுக்குப் பதில் கிடைத்தது. 1994 முதல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு கூட்டிய ஜன சுன்வாய் என்னும் பொது விசாரணைச் சபைகளில் அந்தப் பதிவேடுகளின் விவரங்கள் ஊரார் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. எழுத்தறியாத பெண்கள் எழுந்து நின்று, இன்னார் வேலைக்கே வரவில்லை, இன்ன கட்டடம் கட்டப்படவே இல்லை என்று ஒவ்வொரு வரிக்கும் சாட்சி சொன்னார்கள். தணிக்கை அதிகாரிகளின் கண்ணில் படாத மோசடி அவர்கள் காதில் விழுந்ததும் பிடிபட்டது. அந்தக் கேள்வியே கிளர்ச்சியாக வளர்ந்து, 2005-இல் தேசம் முழுமைக்கும் சட்டமாயிற்று.

ஜனங்கள் உணர்ச்சிவசப்பட்டு அபிவிருத்திக்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள் என்பார்கள். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, 2022-இல் சர்க்காராலேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தலத்தையும் உள்ளடக்கிய பரப்பில் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலம் விடப்பட்டது. கிராம சபைகள் கூடித் தீர்மானம் போட்டன. மேலூர் வட்டாரத்து விவசாயிகள் மதுரைக்குத் திரண்டு வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசே ஏலத்தை ரத்து செய்தது. அரிட்டாபட்டியைப் பாரம்பரியத் தலமென்று அறிவித்த காகிதத்தை ஒழுங்காகப் படித்திருந்தவர்கள் யார் என்பதை நிபுணர்களின் பக்தர்கள் யோசிக்கட்டும்.

புரியாது என்ற ஆட்சேபத்துக்கும் ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் வெளியான சுற்றுச்சூழல் வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே இருந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதைத் தரவேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூன் 30-ஆம் தேதி ஆணையிட்டபோது, மத்திய அரசு மொழிபெயர்க்க முனையாமல் அந்த ஆணையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. புரியாதபடி எழுதி வைத்துவிட்டு, புரியவில்லையே என்று ஜனங்களைக் குறை கூறுவது எந்த நியாயம்?

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 6 நாள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளில், கிராம சபை கூடவேண்டும் என்பது ஏற்பாடு. பல ஊர்களில் காலியான தீர்மானப் புத்தகத்தில் வரிசையாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பிற்பாடு எழுதிக்கொள்கிறார்கள்; கூட்டம் அரை மணியில் கலைந்துவிடுகிறது. ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லும் கனவான்கள், தங்கள் சொந்த ஊரில் அடுத்த சபை கூடும்போது போய் ஜமுக்காளத்தில் உட்காரட்டும். வரவுசெலவுக் கணக்கைக் கடைசி வரி வரையில் உரக்கப் படிக்கச் சொல்லட்டும். பின்வரிசையில் நிற்கும் நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கட்டும். எழுதி முடித்த தீர்மானத்தைச் சபையில் வாசித்துக் காட்டிய பிறகே தங்கள் கையெழுத்தைப் போடட்டும்.