ஒரே ஊர், வேறு வேறு விவாகரத்து



மாத்தளை மாவட்டத்து யட்டவத்தவில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இரண்டு தம்பதிகள் ஒத்துவராமல் பிரிய முடிவெடுத்தால், சட்டம் அவர்களை ஒரே வாசலுக்கு அனுப்புவதில்லை. 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் வரும் சிங்களத் தம்பதி மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பித்தால் போதும். இருவரது சம்மதமே அங்கு ஒரு காரணம். சந்தோஷமாகச் சேர்ந்து வாழ முடியவில்லை, ஓராண்டாகப் பிரிந்திருக்கிறோம் என்பதும் காரணம்தான்.

தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்துக்கு அந்த வழி இல்லை. அவர்களுக்கு 1907ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அது ஏற்கும் காரணங்கள் மூன்று: திருமணத்துக்குப் பின் பிறரோடு உறவு, தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், மணம் முடித்த நாளிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. சண்டையில்லாமல் பிரிய நினைக்கும் இருவரும் மாத்தளை மாவட்ட நீதிமன்றத்தில் ஒருவரையொருவர் குற்றவாளியாக்க வேண்டும். இல்லையென்றால், ‘அவர்தான் என்னைக் கைவிட்டார்’ என்று ஒருவர் சாட்சி சொல்ல, மற்றவர் பேசாமல் பழியை ஏற்க வேண்டும். சத்தியம் செய்து சொல்லும் சாட்சியத்தையே ஒப்பந்தமாக்கிவிட்ட இந்த வழக்கம் நாடு முழுவதும் நடக்கிறது.

ஏழு ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தாலாவது விடுதலை உண்டா? குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 608ஆம் பிரிவை வாசிப்பவர் உண்டென்றுதான் நினைப்பார். 1984இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அப்படித்தான் பொருள் கொண்டது. 1986இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றி, ஏழு ஆண்டு கழிந்தாலும் எதிராளியின் தவறை நிரூபித்தே ஆகவேண்டும் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் சட்டத்துக்கு விளக்கம்தான் சொல்ல முடியும், சட்டத்தைத் திருத்த வேண்டியது பாராளுமன்றம். அது இன்னும் திருத்தவில்லை.

தவறை நிரூபிக்கச் சட்டத்தரணி வேண்டும். கொழுந்து பறிக்கும் ஒரு பெண் தவணை நாளில் விடியற்காலையிலேயே பஸ் ஏறி மாத்தளைக்குப் போகிறாள். அன்றைய சம்பளம் இல்லை. விறாந்தையில் காத்திருந்து, பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய் நிற்கிறாள். சிங்களத்தில் நாலு வசனம், அடுத்த திகதி, அவ்வளவுதான். என்ன நடந்தது என்று சட்டத்தரணியின் லிகிதரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறாள். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழி புரியாதவருக்கு மொழிபெயர்ப்பை அரசே தர வேண்டும் என்கிறது. வழக்கைத் தமிழில் தாக்கல் செய்யவும் உரிமை கொடுத்திருக்கிறது. இப்படி ஓர் உரிமை இருப்பதை அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்ல யாருமில்லை.

சட்டத்தரணியின் கட்டணம் முழு வழக்குக்கா, ஒவ்வொரு தவணைக்குமா என்று முதல் நாளே கேட்டு, கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குவது வழக்காடுபவரின் உரிமை. பிள்ளையின் பாதுகாவலையும் வழக்கில் சேர்த்துக் கேட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தாபரிப்புப் பணத்துக்கு விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் தனியாகவே கேட்கலாம். வசதி குறைந்தவருக்கென்று 1978இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கிறது. இவற்றையெல்லாம் அறியாமல்தான் பலர் காதிலும் கழுத்திலும் இருப்பதை அடகு வைக்கிறார்கள்.

குற்றம் சாட்டித்தான் பிரிய வேண்டும் என்னும் இந்தப் பொதுச் சட்டத்தால் அதிகம் அடிபடுவது பிள்ளை. பாதுகாவலில் தகப்பனுக்கு முதலுரிமை கொடுத்த ரோமன் டச்சுச் சட்டத்தின் சாயல் நம் நீதிமன்றங்களில் இன்னும் முழுதாக மறையவில்லை. பிள்ளையின் நலனே மேலானது என்ற கோட்பாட்டால்தான் நீதிபதிகள் அதைக் கட்டுப்படுத்துகிறார்கள். இலங்கை 1991இல் ஏற்ற ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயமும் பிள்ளையின் நலனையே வலியுறுத்துகிறது. ஆனால் தாயும் தகப்பனும் ஒருவரையொருவர் கெட்டவராக்கியே தீர வேண்டிய வழக்கில் பிள்ளையும் கட்சி சேர்க்கப்படுகிறது. ‘அப்பா அடித்தாரா, அம்மா எங்கே போனா’ என்று வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். சேர்ந்து வாழ முடியாத இருவர் பிள்ளைக்காகவாவது பேசிக்கொள்ளும் நிலையைக்கூட இந்த வழக்கு இல்லாமல் செய்துவிடுகிறது.

முஸ்லிம் சகோதரிகளின் நிலை வேறு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி அவர்களது வழக்கை விசாரிக்கும் காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி தோன்றவே முடியாது, பெண் காதியாகவும் முடியாது. அந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட குழு தன் அறிக்கையைக் கொடுத்தது 2018இல்.

இதே ரோமன் டச்சுச் சட்டத்தைப் பின்பற்றிய தென்னாபிரிக்கா, மணவாழ்க்கை மீளமுடியாதபடி முறிந்ததே போதும் என்று 1979இல் மாற்றிக்கொண்டது. இந்தியாவின் இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்து 1976இல் சேர்ந்தது. இங்கிலாந்தில் 2022 ஏப்ரலிலிருந்து யாரும் யாரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. வெளிநாட்டைப் பார்க்கக்கூட வேண்டாம். கண்டியச் சட்டத்தில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இருப்பதை மற்ற இலங்கையருக்கும் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

நீதி அமைச்சு பொதுச் சட்டத்தில் சம்மத விவாகரத்தைத் தாமதமின்றிச் சேர்க்க வேண்டும். அதுவரையில், மாத்தளை நீதிமன்றத்தில் ஒவ்வொரு குடும்ப வழக்குக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும். சட்ட உதவி ஆணைக்குழுவின் விபரங்களை யட்டவத்த பிரதேச செயலகத்திலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகங்களிலும் தமிழில் ஒட்ட வேண்டும். இந்தக் கடைசி இரண்டுக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
யட்டவத்த.