ஊருக்குப் போகும் வாரத்தில் கொத்தனாரைக் கூப்பிட வேண்டாம்

பங்குனி உத்திரம் நெருங்கிவிட்டால் நம் கடைவீதிகளில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்வதை உறுப்பினர்கள் அனைவரும் அறிவார்கள். சென்னையிலும் புறநகரிலும் மளிகைக் கடை நடத்துவோரில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் ஏராளம். வருஷம் முழுவதும் கடையைச் சாத்தாதவர்கூட அந்த மூன்று நாளைக்கு மட்டும் ஓர் அட்டையில் விடுமுறை என்று எழுதித் தொங்கவிட்டுவிட்டு, குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் புறப்பட்டுவிடுகிறார். குலதெய்வத்தைக் கும்பிடப் போவதை யாரும் குறை சொல்லப்போவதில்லை. நாம் சொல்ல வந்தது, புறப்படுவதற்கு முந்தைய ஒரு வாரத்தைப் பற்றி.

அந்த ஒரு வாரத்தில்தான் நம்மவர்களுக்கு எல்லா ரிப்பேரும் ஞாபகத்துக்கு வருகிறது. ஆறு மாதமாக உறுமிக்கொண்டிருந்த ஃப்ரீசர், நிலையாக நிற்காமல் எண் ஓடும் எலக்ட்ரானிக் தராசு, இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால்தான் இறங்கும் ஷட்டர், வீட்டில் ஒழுகும் குழாய், வண்டியில் கிறீச்சிடும் பிரேக், எல்லாமே ஒன்றாக வரிசையில் வந்து நிற்கும். "ஊருக்குப் போறப்போ கடை மூடித்தானே இருக்கும், அப்போ பாத்துக்கலாம்" என்று தள்ளிவைத்தவை அவை. தள்ளிவைத்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. காலை 5 மணிக்குப் பால் இறக்குவதில் தொடங்கி இரவு 10 மணிவரை கல்லாவை விட்டு நகர முடியாத தொழில் இது. மெக்கானிக் வருகிற நேரம்தான் கூட்டம் வருகிற நேரமாகவும் இருக்கும். போதாக்குறைக்குப் பங்குனி என்பது கணக்காண்டு முடிவை ஒட்டிய மாதம். சரக்கு இருப்பு எடுக்க வேண்டும், ஆடிட்டர் கேட்கும் பில் கட்டுகளைத் தேட வேண்டும்.

இதை எழுதும் நாமும் அதே குட்டையில் ஊறிய மட்டைதான். சில ஆண்டுகளுக்கு முன், புறப்பட நான்கு நாள் இருக்கும்போது, வீட்டுக் குளியலறைக் குழாய்க்கு ஆள் கூப்பிட்டோம். "ஒரு மணி நேர வேலை அண்ணாச்சி" என்றார் வந்தவர். சுவரை உடைத்த பிறகுதான் உள்ளே பைப் முழுக்க அரித்துப்போயிருப்பது தெரிந்தது. மறுநாள் சாமானோடு வருகிறேன் என்று போனவர் வரவில்லை. ஃப்ரீசருக்கு வந்தவர் இரண்டு நாள் அலையவைத்து, கிளம்புகிற அன்று மாலை ரிலேயை மாற்றிக் கொடுத்தார். ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க நமக்கு அவகாசம் இல்லை. வண்டி ஒர்க்‌ஷாப்பிலிருந்து வரும்போது இரவு 9 மணி. கடை சாத்தி, கல்லாக் கணக்கு முடித்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது மணி 11.15. அன்று காலை நாலரைக்கு எழுந்த நாம்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தோம்.

தொழுதூர் தாண்டி, மூன்று மணி வாக்கில், வண்டி நடுத்திட்டுப் பக்கம் சாய்ந்து போவதை முதலில் பார்த்தவர் பின் சீட்டிலிருந்த அம்மா. அவர் போட்ட சத்தத்தில்தான் நமக்குக் கண் திறந்தது. கண் மூடியிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, விடியும்வரை அங்கேயே கிடந்தோம். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்குப் போய்ப் பொங்கலிட்டுத் திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கினால் உள்ளே நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஃப்ரீசர் எப்போதோ நின்றுபோயிருந்தது. வெண்ணெய், பனீர், ஐஸ்கிரீம் அத்தனையும் குப்பைக்குப் போயின. குளியலறைச் சுவர் பிளந்த வாயோடு அப்படியே நின்றது. சரக்கு போனது இப்போது மறந்துவிட்டது. அந்த மூன்று மணி மறக்கவில்லை.

ஆகவே நம் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். புறப்படுவதற்கு முந்தைய ஏழு நாளில் எந்தப் பழுதையும் புதிதாகப் பிரிக்கக் கூடாது. பிரித்த மெஷினும் உடைத்த சுவரும் நம் அவசரத்துக்கு அடங்காது. ஒழுகும் குழாய்க்கு மாடித் தொட்டியின் வால்வை மூடிவிட்டு, மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் போதும். பூச்சு, பெயின்ட், ரேக் எல்லாம் சித்திரையில் பார்த்துக்கொள்ளலாம். நாம் இல்லாத நேரத்தில் தீங்கு செய்யக்கூடியது எது, நம்மைச் சுமந்து போவது எது, இந்த இரண்டை மட்டும் பார்த்தால் போதும்.

ஃப்ரீசர் சந்தேகமாக இருந்தால் அதை ரிப்பேர் செய்யாமல் காலி செய்யுங்கள். இரண்டு நாள் முன்னதாகவே தயிர், பனீர் ஆர்டரைக் குறைத்து, மிச்சத்தை விற்றுத் தீர்த்து, சுவிட்சை அணைத்துத் துடைத்து, மூடியைச் சற்றே திறந்து வைத்துவிட்டுப் போனால் வாடைகூட வராது. சுவிட்ச் போர்டுக்குக் கீழே நாம் அடுக்கி வைத்திருப்பது என்ன என்று ஒரு முறை குனிந்து பாருங்கள். எண்ணெய் டின், கற்பூரம், தீப்பெட்டி பண்டல், காலிச் சாக்கு இவைதான் பெரும்பாலும் இருக்கும். அவற்றை நகர்த்த எந்த மெக்கானிக்கும் வேண்டியதில்லை. எலி கடித்த ஒயர் கண்ணில் பட்டால் அதை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் கிளம்பாதீர்கள். இன்னொன்று, சொல்லவே தயக்கமாக இருக்கிறது. சாமி படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு அப்படியே பூட்டிக்கொண்டு போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கும்பிட்டுவிட்டு மலையேற்றிவிட்டே பூட்டுங்கள். தெய்வம் கோபிக்காது.

தராசு விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு தனி ரகம். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை முத்திரை. பழைய தட்டுத் தராசுக்கும் இரும்புப் படிக்கற்களுக்கும் 24 மாதம். இது எல்லோருக்கும் தெரியும். தராசைப் பிரித்துப் பழுது பார்த்தால் பழைய முத்திரை செல்லாது, மறுபடி முத்திரை வாங்கிய பிறகே வியாபாரத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். பழுது பார்ப்பவரும் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். பயணத்துக்கு மூன்று நாள் முன்பு தராசைப் பிரித்தவர், ஊரிலிருந்து திரும்பிய மறுநாள், கூட்டம் நெரிக்கும்போது, முத்திரையில்லாத தராசில் எடை போட்டுக்கொண்டிருப்பார். அதிகாரி வந்தால் "ஊருக்குப் போயிருந்தேன் சார்" என்ற பதில் எடுபடாது. அதற்காகத் தப்பாக எடை காட்டும் தராசில் விற்கச் சொல்லவில்லை. அதை ஓரங்கட்டிவிட்டு, முத்திரையுள்ள வேறொரு தராசை வைத்துச் சமாளிக்கலாம். முத்திரை போடும் மாதத்தைப் பயணத்தோடு மோதாமல் தை மாதத்திலேயே முடித்துக்கொள்வது இன்னும் நல்லது.

வண்டிக்கு வருவோம். சென்னையிலிருந்து நெல்லைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். தினமும் கொத்தவால்சாவடிக்கும் கோயம்பேட்டுக்கும் ஓடுகிற வண்டி சித்திரை வெயிலை நெருங்கும் நாளில் நான்கு வழிச் சாலையில் மணிக்கணக்கில் விடாமல் ஓட வேண்டும். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று டயரை நம்பிவிடக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்தது என்று பொருள். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். குறிப்பாக ஸ்டெப்னியை எடுத்துப் பாருங்கள், அதில் காற்று இருக்கிறதா என்று பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று? இந்த வேலைகளையும் பத்து நாள் முன்னதாகவே முடித்து, வண்டியை வழக்கம்போல் சந்தைக்கு ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்த வண்டியை நேராக நெடுஞ்சாலையில் ஏற்றுவது, எடை பார்க்காமல் மூட்டை வாங்குவது போன்றது. திரும்பும்போது உடன்குடிக் கருப்பட்டியையும் தேங்காய் மூட்டையையும் கூரைமேல் ஏற்றும் ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டால் அந்த டயர்கள் வாழ்த்தும்.

எல்லாவற்றையும் விட, ஓட்டுகிறவர். 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், கூலிக்கு ஓட்டும் டிரைவருக்கு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குள் குறைந்தது அரை மணி ஓய்வு என்று வகுத்தது. சொந்த வண்டி ஓட்டும் கடைக்காரருக்கு அப்படி விதி போட யாருமில்லை. 17 மணி நேரம் நின்றுவிட்டு, அதன் பிறகு பத்து மணி நேரம் ஓட்டப் போகிறோம், அதுவும் பெற்றோரையும் பிள்ளைகளையும் பின்னால் தூங்கவைத்துக்கொண்டு. டீ குடித்தால் தூக்கம் போகாது, சற்று ஒத்திப்போகும், அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்து வைப்பதும் பாட்டைச் சத்தமாகப் போடுவதும் அப்படியே.

"ஒரு நாள் வியாபாரம் போகுமே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு நாள் பூட்டினால் வாடிக்கையாளர் எதிரே உள்ள சூப்பர் மார்க்கெட்டின் வாசலை மிதித்துவிடுவார், அப்புறம் அங்கேயே பழகிவிடுவார் என்ற பயம் நமக்கும் உண்டு. ஆனால் முழு நாளைக் கேட்கவில்லை. புறப்படும் நாளில் பிற்பகல் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுங்கள். சாப்பிட்டுப் படுத்து, இரவும் தூங்கி, விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் பிற்பகலுக்குள் ஊர் சேரலாம். போவது ஒரு மாலை வியாபாரம். அதையும் விட மனமில்லாதவர், தூங்கி எழுந்த டிரைவர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளட்டும். அந்தக் கூலி ஒரு மூட்டை பொன்னி அரிசி விலைக்கு மேல் பெரிதாகப் போய்விடாது. கடைப் பையன்கள் இருந்தால் கடையைத் திறந்தே வைக்கலாமே என்றும் சிலர் சொல்கிறார்கள். முடிந்தவர்கள் செய்யலாம், ஆனால் அந்தப் பையன்களும் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள். அவர்களுக்கும் சாஸ்தா உண்டு.

சங்கம் இதில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தெருவுக்குத் தெரு நம் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள் அல்ல. பங்குனிக்குப் போகாத கடைக்காரர் ஒருவர், போன கடைக்காரரின் ஷட்டரையும் மீட்டரையும் தினம் ஒரு தடவை பார்த்துச் சொன்னால் போதும். ஆடியில் அவர் போகும்போது இவர் பார்த்துக்கொள்வார். நம் தெருவில் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து இதை இரண்டு வருஷமாகச் செய்துவருகிறோம். முதல் வருஷமே ஒருவரின் கடைக்குள் தண்ணீர்க் குழாய் விட்டுக்கொண்டதை எதிர்க்கடைக்காரர்தான் கவனித்தார். சர்க்கரை மூட்டை நனையும் முன் சாவி கிடைத்துவிட்டது.

இந்தப் பங்குனிக்கு நாமும் போகிறோம். ஃப்ரீசர் இன்னும் சரியில்லை, உறுமிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் காலி செய்துவிட்டுப் போவதாக முடிவு. மெக்கானிக்கிடம் திரும்பி வந்த நான்காம் நாள் வரச் சொல்லியிருக்கிறோம்.