முதுமலைக்கு மே மாசம் வேண்டாமே!

செமஸ்டர் முடியப் போகுதுன்னாலே வாட்ஸ்அப் குரூப்ல வர்ற முதல் பிளான்: "மச்சி, மே மாசம் ஊட்டி, அப்படியே முதுமலை சஃபாரி."

இதுல ஒரு நியாயமும் இருக்கு. கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றும். மிச்சமிருக்கும் குட்டைகளைத் தேடி யானையும் காட்டெருமையும் வெளியே வரும்; நம்ம கண்ணிலும் படும். ஆனா அதே வாரங்கள்லதான் ஊரே மலையேறுது. நெரிசல் தாங்காமல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் வார நாளில் 6000 வண்டி, வார இறுதியில் 8000 என்று வரம்பும் வைத்தார்கள்.

தாகத்தோடு ரோட்டைக் கடக்க நிற்கும் யானைக்கு முன்னால் கார் வரிசை, ஹாரன், செல்ஃபி. நமக்கு அது 'சைட்டிங்'. யானைக்கு அது தண்ணிக்குப் போற வழி.

வேலைக்குப் போறவங்களுக்கு சனி, ஞாயிறை விட்டா வழியில்லை. நமக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆட் செம் லீவுல, கிறிஸ்துமஸ் கூட்டம் ஏறுறதுக்கு முன்னாடி, ஒரு செவ்வாயோ புதனோ போகலாம். தெப்பக்காட்டில் வனத்துறை வேனில் காலை டிரிப் பிடிங்க. பந்திப்பூர் ரோடு இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். அதையும் கணக்குல வைங்க.

மழைக்குப் பிறகு காடு பச்சையா, அடர்த்தியா இருக்கும். புலி தெரியாமலே போகலாம். புலியைப் பார்த்தே ஆகணும்னா வண்டலூர் இருக்கே!