சுவர் தாண்டும் ஓசை

வேடந்தாங்கலை அடுத்த சிற்றூரிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியுள்ளார். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த அவருடைய கணவர், புளூரே பிளேயர் ஒன்றையும், ஐந்து ஒலிபெருக்கிகளும் பெரிய பேஸ் பெட்டியும் கொண்ட ஹோம் தியேட்டரையும் கொண்டு வந்தாராம். சென்னையில் வாங்கிய வட்டுகளில் சில அதில் ஓடவில்லை. ஓடியவையோ அண்டை வீட்டுப் பரணில் இருந்த பாத்திரங்களை அதிரச் செய்துவிட்டன. "வட்டு ஓடாதது யாருடைய குறை? அண்டை வீட்டாருக்கு நான் என்ன பதில் சொல்வது?" என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கு விடை எளிது. புளூரே வட்டுகளுக்காக உலகை மூன்று மண்டலங்களாகப் பிரித்துள்ளனர். சிங்கப்பூரும் மலேசியாவும் 'ஏ' மண்டலம், வளைகுடா நாடுகள் 'பி', இந்தியா 'சி'. 'சி' மண்டலத்துக்கு மட்டும் எனப் பூட்டப்பட்ட வட்டு, வளைகுடாப் பிளேயரில் ஓடாது. டிவிடியிலும் இவ்வாறே, வளைகுடாவுக்கு எண் 2, இந்தியாவுக்கு 5. மூன்று மண்டலங்களுக்கும் பொதுவான வட்டுகள் எங்கும் ஓடும். ஆகவே இது பழுதன்று. வட்டின் பின்னட்டையில் உள்ள மண்டலக் குறியைப் பார்த்து வாங்கினால் போதும்.

பெரும் தொகை கொடுத்து வாங்குவோர் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2006-இல் புளூரேக்குப் போட்டியாக எச்டி டிவிடி சந்தைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 2008 பிப்ரவரி 19 அன்று, தோஷிபா நிறுவனம் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. அதை வாங்கியவர்களுக்குப் புதிய வட்டுகள் வருவது நின்றுபோயிற்று. வெயிலில் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் வீண் விரயமாகாமல் காப்பது இல்லத்தரசியின் பொறுப்புமாகும்.

இரண்டாம் கேள்வியே கனமானது. பேஸ் பெட்டியின் தாழ்ந்த ஒலியலை மிக நீளமானது. வினாடிக்கு 40 அதிர்வுகள் கொண்ட ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். கதவை அடைத்தாலும், திரையைத் தொங்கவிட்டாலும் அது நிற்பதில்லை. சுவரையும் தரையையும் அதிரச் செய்துகொண்டு அடுத்த வீட்டுக்குள் நுழைகிறது. நமக்கு இன்பமாக இருக்கும் அதே ஓசை, சுவருக்கு அப்பால் படுத்திருக்கும் நோயாளிக்கு நெஞ்சிடியாகிறது.

பெட்டியைச் சுவர் மூலையிலிருந்து நகர்த்தி வையுங்கள். மூலை அதன் முழக்கத்தைப் பெருக்கும். அடியில் கனத்த ரப்பர் விரிப்பை இடுங்கள். பேஸ் அளவைக் குறையுங்கள். இரவுக்கெனத் தனி ஒலியமைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த எல்லை.

ஆயினும் நமக்குச் சட்டத்தினும் மேலான வழிகாட்டுதல் உண்டு. நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது, தோழர்கள் உரத்த குரலில் ஓதுவதைக் கேட்டு, ஓதுவதிலும் ஒருவர் மற்றவருக்குத் தொல்லை தரலாகாது எனப் பணித்தார்கள் (அபூதாவூத்). இறைமறை ஓதுவதற்கே இந்த வரம்பு என்றால், பொழுதுபோக்கிற்கு எத்தகைய வரம்பு வேண்டும்!

சகோதரியே, உங்கள் ஊருக்கருகிலேயே ஓர் அழகிய முன்மாதிரி இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று, அவ்வூர் மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அப்பறவைகளின் எச்சம் கலந்த நீர் தங்கள் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிவார்கள். 1858-இலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் பறவைகளின் பாதுகாப்புக்கு ஆணை பெற்றவர்கள் அவர்கள். சில மாதங்கள் தங்கிப் போகும் பறவைக்காக ஓர் ஊரே ஓசை அடக்குகிறது. ஆயுள் முழுதும் உடன் வாழும் அண்டை வீட்டாருக்காக நாம் ஒரு பொத்தானைத் திருப்பக் கூடாதா?

இன்றே அவ்வீட்டுக்குச் சென்று, நடந்ததற்கு வருத்தம் தெரிவியுங்கள். பின்பு அவர்கள் வீட்டில் ஒருவர் நிற்க, உங்கள் வீட்டில் ஒலியைப் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள். அங்கே கேட்கத் தொடங்கும் இடமே உங்கள் எல்லை. அவ்விடத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கும் அதைக் காட்டிக் கொடுங்கள்.

அண்டை வீட்டார் நம்மால் நிம்மதி பெற்று வாழ வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக!