மேடையிலே மாலை, வாசலிலே பூட்டு!

தோழா!

சோளிங்கர்ப் பெரிய மலையில் ஏறியிருக்கிறாயா? உன் பக்தியை நான் கேட்கவில்லை. அது உன் உரிமை, உன் விருப்பம். நான் கேட்பது படிகளைப் பற்றி. 1,305 படிகள் என்று கணக்குச் சொல்வார்கள். வேண்டுதலுக்காக ஏறியவர் உண்டு. வயிற்றுப்பாட்டுக்காகத் தலையிலே சுமையோடு ஏறியவர் உண்டு. முழங்கால் நோவு கொண்ட மூதாட்டியும், நடக்க இயலாத இளைஞனும் அடிவாரத்திலேயே நின்று, அண்ணாந்து பார்த்துக் கைகூப்பிவிட்டுத் திரும்பியதும் உண்டு. 2024-இல் அங்கே ரோப் கார் ஓடத் தொடங்கியது. மலை தாழ்ந்துவிடவில்லை, உச்சி இறங்கி வந்துவிடவில்லை. ஏற முடியாதவர்க்கும் ஒரு வழி வேண்டும் என்ற எண்ணம் வந்தது, வழி பிறந்தது.

இன்று நான் உன்னிடம் பேச வந்தது வேறோர் உச்சியைப் பற்றி. அதன் பெயர் புகழ் மண்டபம். மேலை நாடுகளில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் இப்படி ஒரு மண்டபம் வைத்திருக்கிறார்கள். ஆடி ஓய்ந்த வீரரின் பெயரை அதிலே பொறிப்பார்கள், விழா எடுப்பார்கள், பழைய தோழர்கள் வந்து கைதட்டுவார்கள். பனித்தளத்தின்மீது எஃகுத் தகடு பொருத்திய காலணியோடு சுழன்றும் தாவியும் ஆடுகிறார்களே, அந்தச் சறுக்கு நடனத்துக்கும் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் புகழ் மண்டபம் இருக்கிறது. 1976-இல் தொடங்கப்பட்டது. உலகுக்கென ஒரு பட்டியல், அமெரிக்க நாட்டுக்கென ஒரு பட்டியல் என இரண்டு அங்கே உண்டு.

"பங்குனி பிறக்கும் முன்பே தார் உருகும் எங்கள் ஊருக்குப் பனிக்கட்டி ஆட்டம் எதற்கையா?" என்று நீ கேட்பது என் காதில் விழுகிறது. கேள். ஆனால் உன் வட்டாரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கேள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு! உலகத்தின் கால்களுக்குச் செருப்பும் பூட்சும் அனுப்பும் ஊர்கள். விடியுமுன் சோற்றுத் தூக்கோடு ஆலை வண்டிக்குக் காத்து நிற்கும் நம் பெண்கள் தைப்பது யாருடைய காலுக்கு? முகமறியாத நாட்டு முகமறியாத மனிதரின் காலுக்கு. பனித்தளத்தில் ஆடுகிறவளின் காலைக் கணுக்கால்வரை இறுகப் பற்றி, அவள் தாவி இறங்கும்போது எலும்பு முறியாமல் காப்பதும் பல அடுக்குத் தோலால் ஆன காலணிதான். தோலைத் தொட்டவனைத் தொடக்கூடாது என்று சொன்ன நாடு இது. அந்தத் தோலைக் காலிலே மாட்டிக்கொண்டு ஆடப் போனவளை, உன் தோல் கறுப்பு, உள்ளே வராதே என்று தடுத்த நாடு அது. உறவு இல்லை என்றா சொல்கிறாய்?

அவள் பெயர் மேபல் ஃபேர்பேங்ஸ். 1915-இல் பிறந்தவள். ஃபிளோரிடா மண்ணின் கறுப்பினக் குடும்பத்துப் பெண்; சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவள். நியூயார்க் நகரத்துக்கு வந்து சேர்ந்தாள். பூங்காவிலே சறுக்கி விளையாடும் குழந்தைகளைப் பார்த்தாள். சோன்யா ஹெனி என்ற நார்வே நாட்டு நங்கை நடித்த திரைப்படத்தைப் பார்த்தாள். கால் சும்மா இருக்கவில்லை. அடகுக் கடையிலே மலிவாகக் கிடைத்த பழைய சறுக்குக் காலணியை வாங்கினாள். அது அவள் பாதத்துக்குப் பெரியது. என்ன செய்தாள் தெரியுமா? பஞ்சைத் திணித்துக்கொண்டு ஆடினாள்!

சறுக்குத் தளத்துக்குப் போனாள், கதவடைத்தார்கள். மறுநாளும் போனாள், மறுபடியும் அடைத்தார்கள். போய்க்கொண்டே இருந்தாள். ஒருநாள் தளத்தின் மேலாளர் மனம் இளகி உள்ளே விட்டார். அங்கே வெள்ளையரிலும் நல்லவர் இருந்தனர். மாரிபெல் வின்சன் என்ற பெயர்பெற்ற வீராங்கனை, காசு வாங்காமல் அவளுக்கு நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார். நிறத்தை மட்டும் பார்த்து மனிதரை எடைபோடுவது அவர்களுடைய நோய். அது நமக்கு வேண்டாம். ஆகவே இதையும் எழுதி வைக்கிறேன்.

ஆனால், தளத்தின் கதவு திறந்ததே ஒழியச் சங்கத்தின் கதவு திறக்கவில்லை. சறுக்குச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும், உறுப்பினரானால்தான் தேர்வு, தேர்வானால்தான் போட்டி, போட்டியிட்டால்தான் பட்டம். முதற்படியிலேயே கையை நீட்டி மறித்துவிட்டால், மற்றப் படிகளைப் பற்றிப் பேசுவானேன்? தேசியப் போட்டியில் ஒரு நாளும் அவளால் ஆட முடியவில்லை. சறுக்கு நடனக் காட்சிக் குழுக்களும் அமெரிக்க மண்ணில் அவளைச் சேர்க்க மறுத்தன. அவளுடைய மாமன் ஆறடிக்கு ஆறடி அளவில் ஒரு சிறு பனித்தளம் செய்து கொடுத்தார். உன் வீட்டுத் திண்ணையின் அளவு! அதன்மீது பயின்றாள், ஹார்லெம் வட்டாரத்துக் கேளிக்கை அரங்குகளில் ஆடினாள். பின்னர் கலிஃபோர்னியாவுக்குச் சென்றாள். அங்கேயும் ஒரு சறுக்கு அரங்கின் வாசலில், கறுப்பர் வருகையை விரும்பவில்லை என்ற பொருளில் பலகை தொங்கியது. பலகைகளை நமக்கும் தெரியுமே, தோழா! மொழிதான் வேறு.

ஆட விடாதவர்களுக்கு அவள் அளித்த பதில் வசைமொழியாக இல்லை. ஆசிரியப் பணியாக இருந்தது. எல்லா நிறத்துப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தாள். காசில்லாத பிள்ளைக்கும் கற்றுக்கொடுத்தாள். ஆட்டாய் வில்சன் என்ற கறுப்பினச் சிறுவனை 1965-இல் ஒரு சங்கத்தில் போராடிச் சேர்த்தாள். அடுத்த ஆண்டே அவன் தேசிய அளவில் தொடக்கநிலைப் பிரிவின் பட்டத்தைப் பறித்தான். டை பாபிலோனியா என்ற சிறுமியையும் ராண்டி கார்ட்னர் என்ற சிறுவனையும் கைகோத்து ஆட வைத்தவள் அவளே; 1979-இல் அந்த இணை உலகப் பட்டம் வென்றது. 1986-இல் டெபி தாமஸ் என்ற கறுப்பினப் பெண் உலகப் பட்டம் வென்றாள்; 1988 கால்கரி ஒலிம்பிக்கில் வெண்கலமும் பெற்றாள். மேபல் ஆட முடியாத மேடையில் மேபலின் வழித்தோன்றல்கள் ஆடினார்கள்.

இப்போது புகழ் மண்டபத்தின் கணக்கைப் பார். 1976, முதல் ஆண்டின் உலகப் பட்டியலிலேயே சோன்யா ஹெனி இடம் பெற்றாள். திறமையில் குறை சொல்ல மாட்டேன்: மூன்று ஒலிம்பிக் தங்கம், 1927 முதல் 1936 வரை பத்து உலகப் பட்டங்கள். ஆனால் பெர்லினில் ஆடப் போனபோது இட்லருக்குக் கையை உயர்த்தி வணக்கம் செய்தவளும், அவனோடு விருந்துண்டு, அவன் கையொப்பமிட்ட படத்தைப் பெற்று வந்தவளும் அவளே. அந்தக் கை உயர்ந்தது மண்டபத்தாரின் கண்ணை உறுத்தவில்லை. மேபல் ஃபேர்பேங்ஸ் அமெரிக்கப் பட்டியலில் சேர்க்கப்பட்டது எப்போது? 1997-இல்! அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நான்கே ஆண்டுகள், 2001-இல் மறைந்தார். டெபி தாமசின் பெயர் 2000-இல் சேர்ந்தது.

மண்டபத்தாரை ஒரேயடியாகப் பழிக்கவும் மனம் வரவில்லை. பட்டமே இல்லாத ஒருத்தியைப் பட்டம் பெற்றவர்களின் வரிசையில் வைத்தார்களே, அது அவர்கள் தம் பழைய பிழையைத் தாமே எழுதிக் கொடுத்த ஒப்புதல் பத்திரம் அல்லவா? பிந்தி வந்தது என்பது என் வழக்கு. வராமலே போன இடங்களைப் பற்றியது அதைவிடப் பெரிய வழக்கு.

அதற்கு அமெரிக்கா போக வேண்டாம். பல்வாங்கர் பாலூ என்று ஒரு கிரிக்கெட் வீரர் இருந்தார். 1876-இல் தார்வாட் நகரில் பிறந்தவர்; தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட, தீண்டாதோர் என ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர் மன்றத்தின் மைதானத்தைப் பராமரிக்கும் கூலியாக இருந்து பந்துவீசக் கற்றார். இந்துக்கள் அணிக்கு அவருடைய இடக்கைச் சுழற்பந்து தேவைப்பட்டது. கையைத் தொடத்தான் மனமில்லை. ஆடுகளத்தில் அவர் வீசிய பந்தைத் தொட்டார்கள்; ஆட்டம் முடிந்ததும் அவருக்கு மட்டும் வெளியே தனியாக மண் குவளையில் தேநீர். 1906-இல் அந்த அணி வெள்ளையரை வென்றது; 1911 இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார் பாலூ. தலைவர் பதவி? அது மட்டும் அவருக்குக் கடைசிவரை இல்லை. 1934-இல் நாட்டின் பெரும் கோப்பைக்குப் பெயர் வைத்தார்கள்: ரஞ்சி! இங்கிலாந்துக்காக ஆடிய இளவரசரின் பெயர். மைதானத்தைப் பெருக்கி எழுந்தவனுக்குக் கோப்பை இல்லை. மகுடத்தோடு பிறந்தவருக்குக் கோப்பை. நம் நாட்டுப் புகழ் மண்டபம் எப்படிக் கட்டப்பட்டது என்பதற்கு இதைவிட என்ன வரைபடம் வேண்டும்?

சரி, நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே பனி இல்லை. ஆனால் சக்கரம் உண்டு. நம் பிள்ளைகள் சக்கரம் பொருத்திய காலணியோடு உலகத்தையே சுற்றி வந்துவிட்டார்கள். 2023 அக்டோபரில் சீனத்து ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்கேட்டிங் 3,000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் வெண்கலம் வென்றன. ஆண்கள் அணியில் நம் ஆனந்த்குமார் வேல்குமார். பெண்கள் அணியில் நம் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரி ராஜ். 2025 ஆகஸ்டில் செங்டு உலக விளையாட்டில் ஆனந்த்குமாருக்கு வெண்கலம். அடுத்த மாதமே சீனத்துப் பெய்டாய்ஹே நகரில் நடந்த உலகப் போட்டியில் 1,000 மீட்டரில் தங்கம்! அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 42 கிலோமீட்டர் மராத்தானிலும் அவருக்கே தங்கம். சென்னைப் பிள்ளை! இந்த நாட்டில் பொதுத் தெருவில் நடப்பதற்கே சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். அதே 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவுக்காகத் தந்தை பெரியார் சிறை சென்றார். நடக்கத் தடை இருந்த மண்ணிலிருந்து நூறாண்டில் ஒரு பிள்ளை சக்கரம் கட்டிப் பறந்திருக்கிறான் என்றால், அவனுக்கு எடுக்கும் விழா வெறும் விளையாட்டு விழாவா?

அவனைப் பாராட்டுவோம், மாலை போடுவோம். சறுக்கு நடனத்தையே சக்கரக் காலணியில் ஆடி 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் இரண்டு வெண்கலம் வென்ற ஐதராபாத்துக்காரர் அனுப் குமார் யாமாவுக்கு, 2015-இல் அர்ஜுனா விருது கிடைத்தது. பதக்கத்துக்கும் விருதுக்கும் இடையே ஐந்து ஆண்டுகள். மேபலின் காத்திருப்போடு ஒப்பிட்டால் விரைவுதான்!

ஆனால், தோழா, விழா முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒன்றை யோசி. பந்தயத்துக்கான ஒரு ஜோடி சக்கரக் காலணியின் விலை, தோல் தொழிலாளி வீட்டின் மாத வருமானத்தை விழுங்கிவிடும். வழுவழுப்பான தளம் வேண்டும், பயிற்றுவிப்பவர் வேண்டும், வெளியூர்ப் போட்டிக்குப் பயணப்படி வேண்டும். சென்னையில் தேடினால் கிடைக்கலாம். சோளிங்கரில்? பாணாவரத்தில்? பேரணாம்பட்டில்? அங்கே பிறந்த பிள்ளையின் காலில் என்ன திறமை உறங்குகிறது என்பதை யார் அறிவார்? மேபலைப் பலகை தடுத்தது. இவர்களைப் பலகை எதுவும் தடுக்கவில்லை, விலைச்சீட்டு தடுக்கிறது. பலகையைக் கழற்றி எறியலாம்; விலைச்சீட்டைக் கழற்ற அரசுதான் வர வேண்டும்.

டேராடூனைப் பார். 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகப் பெரும் பொருட்செலவில் அங்கே பனித்தள அரங்கம் எழுப்பினார்கள். போட்டி முடிந்தது, கதவு மூடியது, பல ஆண்டுகள் பாழாகக் கிடந்து, 2025-இல்தான் மறுபடி உயிர் பெற்றது. நாம் கேட்பது அத்தகைய பளிங்கு மாளிகை அல்ல. சிற்றூருக்குச் சிமென்ட் தளம். பள்ளிக்குப் பத்து ஜோடி காலணி. அதுவும் பிள்ளையின் காலுக்குப் பொருந்துகிற அளவில். பஞ்சு திணிக்கும் வேலை வேண்டாம். உலகத்துக்கே காலணி தைக்கும் வட்டாரத்தில், தைத்தவளின் மகளுக்குக் காலணி கேட்பது பேராசையா?

மண்டபமும் வேண்டும், மறுக்கவில்லை. தமிழ்நாட்டுக்கென ஒரு விளையாட்டுப் புகழ் மண்டபத்தை அரசு கட்டட்டும். ஒரு சுவரில் வென்றவர் பெயர்கள் இருக்கட்டும். எதிர்ச் சுவரை விட்டுவையுங்கள் என்கிறேன்: ஆடத் தெரிந்தும் ஆட விடப்படாதவர்களுக்கு.

அந்தச் சுவருக்கு அரசு அலுவலகத்தில் கோப்பு இருக்காது. நம் கிளைத் தோழர்களிடம்தான் இருக்கிறது. சோளிங்கரில் தொடங்கு. பழைய சடுகுடு வீரரைத் தேடிப் போ. சிலம்பம் சுற்றிய பெரியவரிடம் உட்கார். திருமணத்துக்கு முன் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்த அக்காளைக் கேள். பெயரைக் குறி, ஊரைக் குறி, எந்த ஆட்டம், எந்த ஆண்டு என்று குறி. எந்த வாசலில், யார் தடுத்தார்கள் என்பதையும் விடாமல் குறி. அது நம் கட்சிக்காரர் ஒருவருடைய வீட்டு வாசலாக இருந்தாலும் மறைக்காதே, எழுதி அனுப்பு.