பிடித்தபோது பார்க்காத பெயர்

ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளுக்குச் செம்பரம்பாக்கத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் கம்பெனி பஸ் ஏறும் தொழிலாளர்களின் சம்பளத்தில் மாதந்தோறும் 12 விழுக்காடு பி.எஃப். பிடிக்கப்படுகிறது. பிடிப்பதில் ஒரு குறையும் இல்லை. மகள் கல்யாணத்துக்கோ, வேலை போன பிறகு வீட்டு வாடகைக்கோ அந்தப் பணத்தைக் கேட்கும்போதுதான் பெயர் பொருந்தவில்லை, பிறந்த தேதி ஒத்துப்போகவில்லை என்று கணினி கையை விரிக்கிறது.

இதை மென்பொருள் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. 2017-18இல் இறுதித் தொகை கேட்டு வந்த விண்ணப்பங்களில் சுமார் 13 விழுக்காடு நிராகரிக்கப்பட்டன. 2022-23இல் அது ஏறத்தாழ மூன்றில் ஒன்று ஆனது. எல்லாமே விவரப் பொருத்தமின்மையால் அல்ல என்றாலும், அது முக்கியமான காரணம். கேட்பாரற்று முடங்கிய கணக்குகளில் 2024 மார்ச் இறுதியில் 8,500 கோடி ரூபாய்க்கு மேல் கிடந்தது. அதற்கு முந்தைய மாதம், பிறந்த தேதிச் சிக்கலில் பணம் கிடைக்காமல் அலைந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் கொச்சி பி.எஃப். அலுவலகத்திலேயே விஷம் குடித்து உயிரிழந்தார். இதற்கு மேலும் ஓர் எச்சரிக்கை வேண்டுமா?

கோளாறின் வேர் எங்கே? ஒரு தொழிலாளியின் அடையாளம் ஆதார், பான், வங்கி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., கம்பெனியின் சம்பளப் பதிவேடு என ஆறு இடங்களில் தனித்தனியாக இருக்கிறது. ஓரிடத்தில் திருத்தினால் மற்ற ஐந்திலும் தானாக மாறுவதில்லை. முத்துலட்சுமி என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல். கான்ட்ராக்டரின் பட்டியலில் இனிஷியல் முன்னால்; ‘முத்து’வுக்கும் ‘லட்சுமி’க்கும் நடுவே ஓர் இடைவெளி. பான் அட்டை இனிஷியலை ஏற்காது என்பதால் அங்கே அப்பாவின் முழுப்பெயர். வங்கியில் ஆங்கில எழுத்துக்கூட்டலே வேறு. நம் கண்ணுக்கு ஒரே பெண்; கணினிக்கு நான்கு பேர். குடும்பப் பெயர் இருந்தே தீரும் என்று நினைத்துக்கொண்டு வடிவமைத்த படிவங்களில், இனிஷியல் வைக்கும் தமிழர்கள் மாட்டிக்கொண்டு விழிக்கிறார்கள். பெயர் பொருந்தாவிட்டால் ஆதாருடன் பானை இணைக்க முடியாது; இணையாத பான் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்துவிடுகிறது. ஐந்தாண்டு பணி நிறைவதற்குள் 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் எடுப்பவரிடம், பான் செல்லுபடியானால் 10 விழுக்காடு வரி பிடிக்கிறார்கள்; இல்லையென்றால் 20. பெயர்ப் பிழைக்கு அபராதம் கட்டுவது, பிழை செய்யாத தொழிலாளி.

ஒப்பந்தத் தொழிலாளியின் பாடு இன்னும் மோசம். கான்ட்ராக்டர் மாறும்போது தொழிலாளியின் பழைய பி.எஃப். பொதுக் கணக்கு எண்ணை (யு.ஏ.என்.) கேட்டு வாங்காமல் புதிய எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். விலகிய தேதியைப் பதிவதில்லை. இரண்டு எண்களும் இணையாவிட்டால் பணிக்காலமும் சேராது. ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி வேண்டும். ஒரே பகுதியில் பத்தாண்டு உழைத்தவர்கூட, காகிதத்தில் மூன்றாண்டும் நான்காண்டுமாகச் சிதறிக் கிடக்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் சிம் கார்டை மாற்றிவிட்டால் ஆதார் ஓ.டி.பி. பழைய எண்ணுக்குப் போகிறது. பிறந்த தேதிக்கு ஆதார் சான்றாகாது என்று பி.எஃப். நிறுவனம் 2024 ஜனவரியில் அறிவித்துவிட்டது. பள்ளிச் சான்றிதழோ சொந்த ஊரில்.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2017 அக்டோபர் 1க்குப் பிறகு யு.ஏ.என். பெற்று, அதை ஆதாரோடு சரிபார்த்தவர்கள் பெயர், பிறந்த தேதி போன்றவற்றைத் தாங்களே திருத்திக்கொள்ள 2025 ஜனவரியில் வழி திறந்தது. 2025 ஆகஸ்ட் முதல் முகத்தைச் சரிபார்த்தே புதிய எண் தரப்படுகிறது. ஆனால் 2017 அக்டோபருக்கு முன் எண் பெற்றவர்களின் திருத்தம் முதலாளி வழியாகத்தான் போக வேண்டும். அந்த முதலாளி எங்கே? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. அதைச் சார்ந்திருந்த ஒப்பந்த நிறுவனங்கள் எத்தனையோ பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டன. மூடிய நிறுவனங்களுக்கு மாற்று வழி விதியில் இருக்கிறது. அது தொழிலாளிக்குத் தெரியாததால் பிரவுசிங் சென்டர் கமிஷன்காரர் பிழைக்கிறார்.

ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான முன்பணக் கோரிக்கைகள் கணினி வழியாகத் தானாகவே மூன்று நாளில் தீரும் என்பது 2025இன் அறிவிப்பு. வரவேற்கலாம். ஆனால் அந்த வேகம், விவரம் பொருந்தியவர்களுக்கு மட்டுமே. பொருந்தாதவர்கள் பழைய வரிசையிலேயே நிற்பார்கள். பதிவுகளைச் சரிசெய்யாமல் வேகத்தை மட்டும் கூட்டினால், தொழிலாளர்கள் இரண்டு சாதிகளாகப் பிரிவார்கள்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவதாக, சேர்ந்த முதல் மாதமே எல்லாப் பதிவுகளையும் ஒப்பிட வேண்டும். முரண் இருந்தால் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அவரவர் கைபேசிக்குச் செய்தி போக வேண்டும். இருபது வருடத்துக்குப் பிறகு பிழையைக் கண்டுபிடிப்பது சரிபார்ப்பு ஆகாது. இரண்டாவதாக, நிராகரிப்புக் கடிதம் எந்தப் பதிவில் என்ன இருக்கிறது, எதை மாற்ற வேண்டும் என்று எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பி.எஃப். கட்டும் பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது. பதிவின் துல்லியத்துக்கும் அந்தப் பொறுப்பு நீள வேண்டும். விலகிய தேதியும் பெயரும் சரி என்று உறுதியாகும்வரை கான்ட்ராக்டரின் கடைசி பில்லை நிறுத்திவையுங்கள். வேலை தானாக நடக்கும்.

நான்காவது, முகாம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு, அடையாற்று வெள்ளத்தில் சான்றிதழ்களைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு அரசு சிறப்பு முகாம் நடத்தி நகல் கொடுத்தது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. பி.எஃப். நிறுவனம் மாதந்தோறும் 27ஆம் தேதி நடத்தும் குறைதீர் முகாமை ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சிப்காட் தொழிற்பேட்டை வாசலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் கொண்டுவர வேண்டும். ஆதார் பதிவாளர், வங்கி ஊழியர், கம்பெனி மனிதவள அதிகாரி, பி.எஃப். அலுவலர் நால்வரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளன. சமூகப் பாதுகாப்பு எல்லோருக்கும் என்பது அவற்றின் வாக்குறுதி. பல்லாண்டு காலம் எழுத்துப் பொருத்தம் பார்க்காமல் பணம் பிடித்த அமைப்பு, கொடுக்கும்போது மட்டும் எழுத்தை எண்ணுவது நியாயமல்ல. இந்த ஆள் இவர்தான் என்று நிரூபிக்கும் சுமை இனி தொழிலாளியின் தலையில் இருக்கக் கூடாது. பதிவை வைத்திருப்பவர்கள் அதைச் சுமக்கட்டும்.