நன்றி சொல்லச் சொல்கிறவர்களுக்கு...

"எல்லாம் ஆண்டவன் சோதனை. இருப்பதற்கு நன்றி சொல்லுங்கள், மீதியை அவன் பார்த்துக்கொள்வான்." டெல்டாவில் பயிர் போகிற வருடமெல்லாம் இந்த அறிவுரை எங்கிருந்தாவது வந்துவிடும். ஆன்மிக மேடை, டிவி, மொபைலில் காலை வணக்கம் படம்... பெரும்பாலும் சேற்றில் கால் வைக்காத இடத்திலிருந்து! கடவுளை நம்புவது தப்பென்று யாரும் சொல்லவில்லை. பறிகொடுத்தவன் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து இதைச் சொல்கிறார்களே, அதுதான் உறுத்துகிறது.

2016-ஐப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. அந்த வருடம் திறந்தது செப்டம்பர் 20. குறுவை போச்சு. சம்பாவாவது தேறும் என்று விதைத்தார்கள். வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்துபோனது. 2017 ஜனவரி 10 அன்று தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. நாலே நாளில் பொங்கல்! கருகிய பயிரைப் பார்த்து அதிர்ச்சியில் செத்தவர்கள், தற்கொலை செய்துகொண்டவர்கள் என்று தினமும் செய்தி வந்த மாதம் அது. அந்த வீட்டு வாசலில் நின்று "நன்றியோடு இருங்கள்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இதையே பிடித்துக்கொண்டு "அப்புறம் எதுக்கு சாமி, எதுக்கு பொங்கல்?" என்று கிண்டலடிப்பவர்களுக்கும் டெல்டா புரியவில்லை. 2017-ல் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3. அணை திறந்ததோ அக்டோபர் 2. இந்த மாதிரி வருடங்களிலும் ஜனங்கள் காப்பரிசியும் காதோலை கருகமணியும் எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போகத்தான் செய்கிறார்கள். எதிரே வெறும் மணல். குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கும்பிடுகிறார்கள், மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். பார்க்கிறவனுக்கு ஏமாளித்தனம். ஆனால் காவிரிக்குப் படையல் போடுகிற இதே டெல்டாவின் விவசாயிகள் சங்கம்தான் 1983-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அதன் பிறகே 1990-ல் நடுவர் மன்றம் வந்தது, 2007-ல் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் 177.25 டிஎம்சி என்று முடித்தது. (192-லிருந்து குறைத்துத்தான்! அதற்கும் நன்றி சொல்லிவிட்டுப் போகவேண்டுமாம்.) ஆடி தவறாமல் கும்பிட்டார்கள், வாய்தா தவறாமல் கோர்ட்டுக்கும் போனார்கள்.

இது இந்த மண்ணுக்குப் புதுசும் இல்லை. பூந்தோட்டம் பக்கத்தில் திருவீழிமிழலை என்று ஓர் ஊர். அங்கே நடந்ததாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் ஒரு பஞ்சக் கதை சொல்கிறார். மழை பொய்த்து அடியார்கள் பசியில் வாட, சிவன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஆளுக்கொரு பொற்காசு கொடுக்கிறார். இரண்டு மடத்திலும் அடுப்பு எரிகிறது. ஆனால் சம்பந்தர் மடத்தில் மட்டும் சாப்பாடு லேட்டாகிறது. விசாரித்தால், அவர் காசு கொஞ்சம் மட்டம். கடைக்காரன் வட்டம் பிடிக்கிறான், மாற்றிச் சரக்கு வாங்குவதற்குள் பொழுது போய்விடுகிறது.

இன்றைய அறிவுரைக்காரர்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "பஞ்சத்தில் தங்கக்காசு கிடைக்கிறதே தம்பி, இதிலும் குறையா? கிடைத்ததற்கு நன்றி சொல்." சம்பந்தர் நேரே சாமியிடமே போய், வட்டம் பிடிக்காத நல்ல காசாகக் கொடு என்று பதிகம் பாடிவிட்டார். சாமியும் கோபிக்கவில்லை, மறுநாளிலிருந்து நல்ல காசு வந்ததாம். காத்துக் கிடந்தது பசித்தவர்கள், அதனால் கேட்டார். திருவாரூரில் சுந்தரர் இன்னும் ஒரு படி மேலே. போன கண்ணைத் திருப்பித் தரச்சொல்லி சாமியோடு சண்டையே போட்டவர். வன்தொண்டர் என்ற பேரோடு அவரைக் கோயில் கோயிலாக வைத்துக் கும்பிடுகிறார்கள்.

சாமியிடமே குறை சொல்லலாம் என்கிற ஊரில், கலெக்டரிடமும் மந்திரியிடமும் சொன்னால் மட்டும் நன்றிகெட்டத்தனம் ஆகிவிடுமா?

அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் குவிந்து கிடக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள், தளர்த்துவதற்கு டெல்லியிலிருந்து உத்தரவு வரவேண்டும். தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, மழை விடவேண்டும் என்று அய்யனாருக்குச் சூடம் கொளுத்துவார்கள். திங்கட்கிழமை காலையில் அதே ஆட்கள் தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசில் முளைத்த நெல்லைக் கையில் பிடித்துக்கொண்டு மனுவோடு நிற்பார்கள். நெற்றியில் பூசிய திருநீறு அப்படியே இருக்கும்.